ரவுட்டர் மாற்றியதும் டேட்டாபேஸ் வெளியிலிருந்து கிடைக்கவில்லையா?

ஆபீஸ் சர்வரில் இருக்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு நேற்று வரை கிளை அலுவலகத்திலிருந்து போக முடிந்தது, புது ரவுட்டர் மாட்டியதும் முடியவில்லை என்றால் முதலில் டேட்டாபேஸைத் தொடாதீர்கள். ரீஇன்ஸ்டால் வேண்டாம், பாஸ்வேர்டு மாற்ற வேண்டாம், ஃபயர்வாலை (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவல்) மொத்தமாக அணைக்கவே வேண்டாம். மாறியிருப்பது முகவரிகளும் வழியும்தான்.

பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கும். 'ஆக்சஸ் டினைடு' என்றோ, இந்த ஹோஸ்டுக்கு அனுமதி இல்லை என்றோ வந்தால் நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, டேட்டாபேஸ்தான் உங்களை மறுக்கிறது. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் ஏதோ ஒரு மெஷின் பதில் சொல்கிறது, ஆனால் பெரும்பாலும் அந்த போர்ட்டில் (ஒவ்வொரு சேவைக்கும் சர்வரில் உள்ள எண்ணிட்ட வாசல்) எதுவும் ஓடவில்லை, அல்லது நீங்கள் போய்ச் சேர்ந்தது வேறு மெஷின். 'டைம்டு அவுட்' என்றால் அனுப்பிய தரவு (பாக்கெட்) நடுவழியில் தொலைகிறது, ஃபயர்வாலையும் போர்ட் ஃபார்வர்டிங்கையும் (வெளியிலிருந்து ரவுட்டருக்கு வரும் இணைப்பைச் சர்வருக்குத் திருப்பிவிடும் அமைப்பு) சந்தேகப்படுங்கள்.

அப்புறம் உள்ளிருந்து வெளியே சோதித்துக்கொண்டு வாருங்கள்: சர்வரிலேயே, அதே நெட்வொர்க்கில் இன்னொரு கணினியில், கடைசியாக வெளியிலிருந்து. வெளிச் சோதனைக்கு மொபைல் டேட்டாவைப் பயன்படுத்துங்கள், ஏனென்றால் பல ரவுட்டர்களில் ஆபீஸுக்குள் இருந்துகொண்டே ஆபீஸின் பப்ளிக் ஐபிக்கு (இணையத்தில் தெரியும் முகவரி) போக முடியாது, எல்லாம் சரியாக இருந்தும் கெட்டுப்போனதுபோல் தெரியும். பிங் (மெஷின் பதில் தருகிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை) போனால் போதாது, போர்ட்டையே சோதிக்க வேண்டும்: வழக்கமாக மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, மற்ற டேட்டாபேஸ்களான போஸ்ட்கிரெஸுக்கு 5432, எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433.

உள்ளேயே கிடைக்கவில்லை என்றால் சர்வரின் ஐபியைப் பாருங்கள். உதாரணமாக, பழைய ரவுட்டர் 192.168.1 வரிசையில் கொடுத்திருக்கும், புதியது 192.168.0 வரிசையில் கொடுக்கும். இந்த ஒரு எண் மாறினால் பல இடங்களில் உடையும்: பைண்ட் அட்ரஸில் (எந்த முகவரியில் இணைப்புகளை ஏற்க வேண்டும் என்ற அமைப்பு) பழைய ஐபி எழுதியிருந்தால் மைஎஸ்க்யூஎல் தொடங்கவே தொடங்காது, பழைய வரிசைக்கு மட்டும் அனுமதி கொடுத்த யூசர்கள் உள்ளே வர முடியாது, போஸ்ட்கிரெஸில் யாருக்கு அனுமதி என்று எழுதும் ஹெச்பிஏ ஃபைலிலும் அதே கதைதான். எல்லாவற்றையும் திருத்துவதைவிட புது ரவுட்டரின் லேன் (உள் நெட்வொர்க்) முகவரியைப் பழையதைப் போலவே வைத்து, சர்வருக்கு அதே ஐபியை ரிசர்வ் செய்துவிடுவது எளிது. நான் இதைத்தான் சொல்வேன்.

விண்டோஸ் சர்வர் என்றால் இன்னொன்று, பலர் கவனிப்பதே இல்லை. ரவுட்டர் மாறியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு பப்ளிக் (நம்பகமில்லாத பொது நெட்வொர்க்) என்று குறித்துவிடலாம், அப்போது பிரைவேட்டுக்கு மட்டும் போட்ட ஃபயர்வால் விதி வேலை செய்யாது. நெட்வொர்க்கை பிரைவேட் ஆக்குங்கள்.

உள்ளே சரி, வெளியிலிருந்து மட்டும் இல்லையா? போர்ட் ஃபார்வர்டிங் பழைய ரவுட்டரோடு போயிருக்கும், திரும்பப் போடுங்கள். போட்டும் வரவில்லை என்றால் ரவுட்டரின் வேன் ஐபியையும் (இணையப் பக்கம் அதற்குக் கிடைத்த முகவரி), 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளத்தில் வருவதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து வேன் ஐபி 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் அநேகமாக முன்னால் இருக்கும் மோடமும் ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது, அதை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்தும் நிலை) மாற்றுங்கள். 100.64 முதல் 100.127 வரை இருந்தால் இணைய நிறுவனம் ஒரே பப்ளிக் ஐபியைப் பலருக்குப் பகிர்கிறது, உங்கள் ரவுட்டரில் எதை மாற்றினாலும் பலனில்லை, தனி பப்ளிக் ஐபி கேளுங்கள். டேட்டாபேஸ் போர்ட்டை உலகத்துக்கே திறந்துவைப்பது எப்படியும் ஆபத்துதான். முடிந்தால் விபிஎன் (இணையத்தின் மேல் பூட்டிய தனி வழி) வழியாகவே போங்கள்.

டேட்டாபேஸ் கிளவுடில் இருந்தால் பிரச்சினை தலைகீழ்: மாறியது ஆபீஸின் பப்ளிக் ஐபி. கிளவுட் ஃபயர்வாலின் அனுமதிப் பட்டியலில் புதியதைச் சேர்த்து, பழையதை மறக்காமல் நீக்குங்கள், அந்த ஐபி நாளை வேறு யாருக்காவது போகலாம்.