மோசடிச் செய்திக்கு மேலேயே ஒரு 🛑

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மோசடிச் செய்தி வந்தால், அதையே அழுத்திப் பிடித்து 🛑 போடுங்கள். "இந்தக் குறி இருந்தால் தொடக்கூடாது" என்று வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

நீளமாக எச்சரிக்கை எழுதினால் அது காலை வணக்கப் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். குறியோ அந்தச் செய்தியோடு ஒட்டியே இருக்கும். மலாய் படிக்கச் சிரமப்படும் எங்கள் செந்தூல் பாட்டிக்கும் பார்த்தவுடன் புரிகிறது. கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வரும் ஏபிகே (ஆண்ட்ராய்டு கைபேசியில் செயலியை நிறுவும்) கோப்புக்கு இது ரொம்பவே அவசியம்.

தெரியாத எண்ணிலிருந்து உங்களுக்குத் தனியாக வந்தால் மட்டும் குறி போடாதீர்கள். அது மோசடிக்காரனுக்கே போய், உங்கள் எண் புழக்கத்தில் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். பணமே போய்விட்டதென்றால் எமோஜிக்கெல்லாம் நேரமில்லை, உடனே மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள்.