புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் புகைப்பதை நிறுத்த: வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

"வந்தது வந்தாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?" பெங்களூரு சிவாஜிநகரிலும் ஸ்ரீராம்புரத்திலும் இருந்து கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடக்கும் பல குடும்பங்கள் கேட்கும் பேச்சு இது. விட்டால் நிறையவே ஆகும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்த கட்டியைக் கதிர்வீச்சு எளிதில் அழிக்காது. ஆபரேஷன் காயம் ஆறவும் நாளாகும். இரினோடெகான், எர்லோடினிப் போன்ற புற்றுநோய் மருந்துகள் புகைபிடிப்பவர் உடம்பில் வேகமாகச் சிதைந்து, அளவு குறைந்துபோகும். புற்றுநோய் வந்த பிறகும் புகைத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் 2014 அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. ஆகவே புகையை விடுவதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நடத்துங்கள்.

படி 1: திட்டாமல் கேளுங்கள்

பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடுவது இங்கேதான். "உன்னாலதான் இந்த நோய்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அவர் ஒளிந்து பிடிக்கத் தொடங்கிவிடுவார். டாக்டரிடமும் "விட்டாச்சு" என்பார். டாக்டர் அதை நம்பி மருந்தின் அளவை முடிவு செய்வார். அதனால் உண்மையைச் சொல்ல அவருக்கு வீட்டில் இடம் இருக்க வேண்டும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அப்பா, நேத்து எத்தனை பிடிச்சீங்க? திட்ட மாட்டேன். டாக்டர்கிட்ட சரியா சொன்னாத்தான் மருந்து சரியா குடுப்பாங்க." எந்த எண் சொன்னாலும் முகம் மாறாமல் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: எவ்வளவு பிடிப்பு என்று கணக்கிடுங்கள்

காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி? ஒரு நாளைக்கு எத்தனை? இந்த இரண்டும் தெரிந்தால் போதும். 30 நிமிடத்துக்குள் பற்ற வைப்பவருக்கு நிகோடின் பிடிப்பு அதிகம். பீடிக்காரருக்கு எண்ணிக்கையைவிட முதல் கேள்வியே நம்பகமானது. பீடி அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால், ஒரு பீடியை ஒரு சிகரெட்டோடு ஒப்பிட முடியாது. ஹான்ஸ், குட்கா பழக்கம் உண்டா என்றும் கேளுங்கள். புகையை விட்டு வாயில் அடக்கிக்கொள்வது விட்டதாகாது.

படி 3: நாள் குறியுங்கள்

அமாவாசை, பொங்கல் என்று தள்ளாதீர்கள். அடுத்த கீமோ, ஆபரேஷனுக்காக அட்மிஷன் ஆகும் நாள், முதல் கதிர்வீச்சு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அதற்கு முன்பே நாள் இருக்கட்டும். ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பே விட்டால் மிக நல்லது. அவ்வளவு அவகாசம் இல்லையென்றால் இன்றே விடலாம். இதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது.

படி 4: மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்

மனஉறுதி மட்டும் போதும் என்று விடுவதுதான் அடிக்கடி தோற்கிற வழி. தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் (பேட்ச்) நிகோடின் சூயிங்கமும் 2009 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. பலர் நிகோடினுக்குப் பயப்படுகிறார்கள். அது அடிமையாக்கும் பொருள்தான். ஆனால் புற்றுநோயை உண்டாக்குபவை புகையிலுள்ள தாரும் மற்ற நச்சுகளும்.

பட்டை: வழக்கமாக, நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் பிடிப்பவருக்கு 21 மி.கி., குறைவானால் 14 மி.கி. 21-இல் தொடங்கினால் ஆறு வாரம், பிறகு 14, 7 என்று இரண்டிரண்டு வாரம். காலையில் மேல்கை அல்லது மார்பில், முடியில்லாத இடத்தில் ஒட்டி, தினமும் இடம் மாற்றுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிய தோலில் பட்டை நிற்காது. சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, நன்றாக உலர்ந்ததும் ஒட்டுங்கள். கதிர்வீச்சு படும் தோலில் கூடவே கூடாது. ராத்திரி தூக்கம் கெட்டால், கெட்ட கனவு வந்தால் படுக்கும் முன் எடுத்துவிடலாம். எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு முன் கட்டாயம் எடுங்கள். சில பட்டைகளில் உலோகப் படலம் உண்டு, தோல் சுட்டுவிடும்.

சூயிங்கம்: 2 மி.கி. மருந்துக்கடையில் கிடைக்கும், 4 மி.கி.க்கு டாக்டர் சீட்டு வேண்டும். சாதாரண பபிள்கம் போல மெல்வதுதான் எல்லோரும் செய்கிற தவறு. மெதுவாக மென்று, காரம் ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். ஒரு கம் அரை மணி நேரம் வரும். வேகமாக மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் குமட்டலும் வரும். அதைக் கீமோ வாந்தி என்று தப்பாக நினைத்துவிடுவோம். கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, ஜூஸ் வேண்டாம். அமிலம் இருந்தால் நிகோடின் வாயில் ஏறாது.

வாய், தொண்டைக்குக் கதிர்வீச்சு எடுத்து வாயெல்லாம் புண்ணாக இருப்பவருக்கும், வாய் சரியாகத் திறக்க முடியாதவருக்கும் கம் ஒத்துவராது. பட்டையே வழி.

மாத்திரைகள் இரண்டு. வரெனிக்ளின், நாள் குறித்ததற்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவது. சிறுநீரகம் பாதித்திருந்தால் அளவு மாறும் என்பதால், சிஸ்பிளாட்டின் எடுப்பவர் அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். புப்ரோப்பியான் வலிப்பைத் தூண்டக்கூடியது, மூளைக்குப் பரவிய நோய்க்கு வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் சாப்பிடுபவருக்கும் அது வேண்டாம், அந்த மருந்தின் பலனைக் குறைக்கும். மருந்துச் சீட்டு முழுவதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

படி 5: முதல் மூன்று நாள்

எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் உச்சத்தில் இருக்கும் நாட்கள் இவை. ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களில் அடங்கும்; அதுவரை தண்ணீரை வாய் வாயாகக் குடிக்கலாம், வராந்தாவில் நடக்கலாம். தர்ஷினி (நின்றபடியே சாப்பிடும் சிற்றுண்டிக் கடை) வாசலில் நின்றபடி காபியோடு ஒரு சிகரெட் என்று பழகியவர், சில வாரம் காபியை வீட்டிலேயே குடிக்கட்டும். அளவையும் பாதியாக்குங்கள், பை-டூ (ஒரு காபியை இருவர் பங்கிடுவது) போதும். புகை நின்றதும் காஃபின் உடம்பில் அதிக நேரம் தங்கும். பழைய அளவே குடித்தால் வரும் படபடப்பை, புகை இல்லாததால் வந்தது என்று எண்ணிவிடுவார். சிகரெட் விற்கும் காண்டிமென்ட்ஸ் கடையைத் தாண்டாத வழியாக பஸ் ஸ்டாப்புக்குப் போங்கள்.

மலச்சிக்கல் வரும். வாந்திக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரானும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினும் அதையே செய்வதால் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். இருமல் சில வாரம் கூடலாம். சளியில் ரத்தம் வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருந்தால் அந்த அறையில் பீடியோ தீக்குச்சியோ கூடவே கூடாது. தீப்பிடித்து உயிரே போகும்.

படி 6: பேச ஒருவர் வேண்டும்

சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும் 1800-11-2356, புகையிலையை விட உதவும் இலவச எண். தென்னிந்திய மொழிகளுக்கான அழைப்புகளை ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியின் மையம் எடுக்கிறது, தமிழிலேயே பேசலாம். காலை 8 முதல் இரவு 8 வரை, திங்கள் தவிர. நோயாளியே பேசட்டும்; நீங்கள் எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள்.

படி 7: இடையில் ஒன்று பிடித்துவிட்டால்

ஆஸ்பத்திரியில் விட்டவர், வீடு திரும்பிய வாரத்தில்தான் பெரும்பாலும் சறுக்குவார். ஒன்று பிடித்ததால் எல்லாம் போய்விடவில்லை. பட்டையைக் கழற்ற வேண்டாம், மருந்தை நிறுத்த வேண்டாம். எங்கே, யாரோடு, எந்த நேரத்தில் என்று நோட்டில் எழுதுங்கள். ஒரே நேரம் திரும்பத் திரும்ப வந்தால், அதற்குக் கால் மணி நேரம் முன்பே ஒரு கம் கொடுங்கள். அடுத்த ஓபி நாளில் அந்த நோட்டையும் ஃபைலோடு எடுத்துச் செல்லுங்கள், மருந்தின் அளவு போதவில்லை என்றால் டாக்டர் கூட்டுவார்.