மிரட்டல் வந்தால் பிளாக் செய்வதற்கு முன்...

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பாக்சைட் சுரங்கம், காட்டெருமை, காபித் தோட்டத்து நிழல் மரங்கள் என்று எதைப் பற்றி ஓர் ஆராய்ச்சியாளர் ஊர்க்கூட்டத்தில் பேசினாலும், யாராவது ஒருவருக்குப் பிடிக்காமல் போகும். கேள்வி கேட்கட்டும், சரி. ராத்திரியில் "ஏற்காடு பக்கம் வந்து பாரு" என்று வாட்ஸ்அப் வருவது வேறு விஷயம். கோவிட் பற்றி ஊடகங்களில் பேசிய 321 விஞ்ஞானிகளிடம் 2021இல் நேச்சர் அறிவியல் இதழ் கேட்டபோது, 15 சதவீதம் பேர் கொலை மிரட்டல் வந்ததாகச் சொன்னார்கள்.

உங்களுடன் வேலை செய்பவருக்கு இப்படி வந்தால், அவர் சம்மதத்தோடு போனை வாங்கிக்கொள்ளுங்கள். அத்தனை வசவையும் அவரே உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை. அனுப்பியவரின் எண், தேதி, நேரம் மூன்றும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். ஃபேஸ்புக் பதிவென்றால் லிங்க்கையும் எடுத்து வையுங்கள். அப்புறம்தான் பிளாக். மூல மெசேஜை அழிக்கவே கூடாது.

அடுத்தது போலீஸ் புகார். சேலம் மாநகருக்கும் மாவட்டத்துக்கும் காவல்துறை தனித்தனி. ஏற்காடு, மாவட்டக் காவல்துறையின் கீழ் வரும். பெயரை மறைத்து மிரட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 351ஆம் பிரிவில் கூடுதல் தண்டனை உண்டு. புகாரோடு துறைத் தலைவரின் கடிதமும் இருக்கட்டும். "இதையெல்லாம் கண்டுக்காதீங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவது ஆதரவு ஆகாது.

அடுத்த கூட்டத்துக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். மைக்கை ஊரில் மதிப்புள்ள ஒருவர் கையில் கொடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளை இருட்டுவதற்குள் இறங்கி முடிக்கிற மாதிரி நேரம் வையுங்கள்.