கல்லூரி விளையாட்டு வீரர் மீது புகார் வந்தால் செய்தியை எழுதுவது எப்படி?

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கல்லூரி விளையாட்டு வீரர் ஒருவர் நாளிதழில் இடம்பெறுவதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தாம் இருக்கின்றன. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் கோப்பை வாங்கி உள்பக்கத்தில் நான்கு வரி பெறுவது ஒன்று; காவல் நிலையத்தில் பெயர் பதிவாகி, அதே கோப்பைப் படத்துடன் மூன்று பத்தி அகலத்தில் வருவது மற்றொன்று. இரண்டாவது வகைச் செய்தியை எழுத உட்காரும் இளம் நிருபர், இவர் பந்தையே தொடாதவராக இருந்திருந்தால் இந்தச் சம்பவத்துக்கு எத்தனை வரி ஒதுக்கியிருப்போம் என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். கூடுதலாகத் தரும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்ல முடிந்தால் எழுதலாம்.

காரணம் பல சமயங்களில் உண்மையாகவே இருக்கும். போட்டிக்காக அணி வெளியூரில் தங்கியிருந்தபோது சம்பவம் நடந்திருக்கலாம். விடுதியில் சீனியர் வீரர்கள் ஜூனியர்களை அடித்திருக்கலாம். புகார் கொடுக்க வந்த மாணவியிடம் "அடுத்த வாரம் மேட்ச் இருக்கிறது, முடியட்டும்" என்று பொறுப்பில் உள்ளவரே சொல்லியிருக்கலாம். இவற்றிலெல்லாம் விளையாட்டு செய்தியின் உள்ளேயே இருக்கிறது, அதை விட்டுவிட்டு எழுதுவதுதான் தவறு. ஆனால் பாலக்கோடு பேருந்து நிலையத்தில் சில்லறைக்காக நடத்துநருடன் தள்ளுமுள்ளு ஆனவர் கபடி ஆடுகிறவர் என்பது தலைப்புக்கு உரிய தகவல் ஆகாது.

இந்த இடத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளின் அளவுகோலை அப்படியே கடன் வாங்குவது நம் ஊருக்குப் பொருந்தாது. அங்கே கல்லூரி வீரர்கள் தேசியத் தொலைக்காட்சியில் ஆடுகிறார்கள். 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கவும் அனுமதி பெற்றிருக்கிறார்கள். அவர்களைப் பொதுவாழ்வில் உள்ளவர்கள் என்று சொல்ல இடமுண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் வாங்கி, காலையில் பயிற்சி முடித்து, டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வகுப்புக்குப் போகும் நம் மாவட்டத்துப் பையனை அந்த வரிசையில் நிறுத்த முடியாது. இருந்தாலும் அந்த நாட்டில் நடந்த இரண்டு தவறுகள் நமக்கு நேரடியாகப் பயன்படும். 2006இல் டியூக் பல்கலைக்கழக லக்ரோஸ் அணி வீரர்கள் மூவர் மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு எழுந்தபோது, அரசு வழக்கறிஞரின் பேட்டிகளை நம்பிப் பல பத்திரிகைகள் தீர்ப்பே எழுதிவிட்டன. 2007 ஏப்ரலில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டு, மூவரும் நிரபராதிகள் என்றே அறிவித்தார். வழக்கைத் தொடுத்த அரசு வழக்கறிஞர் தொழில் உரிமத்தை இழந்தார். டெக்சாஸில் உள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்ததோ நேர் எதிரானது: அமெரிக்கக் கால்பந்து அணி வீரர்கள் மீதான பாலியல் புகார்கள் கண்டுகொள்ளப்படாமல் கிடந்து, 2016இல் வெளி வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றின் விசாரணைக்குப் பிறகே பயிற்சியாளரும் பல்கலைக்கழகத் தலைவரும் பதவி இழந்தார்கள். முந்திக்கொண்டு எழுதுவதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒரே சோம்பலில் இருந்து பிறப்பவை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இரண்டிலும் யாரும் ஆவணத்தைத் தேடிப் போவதில்லை.

ஆகவே ஆவணத்தில் இருந்து தொடங்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வரும் வீடியோவும், டீக்கடையில் "பையனைத் தூக்கிட்டாங்க" என்று சொல்லும் குரலும் தடயங்கள் மட்டுமே. காவல் நிலையத்தில் வழங்கப்பட்டது சி.எஸ்.ஆர். ரசீதா, முதல் தகவல் அறிக்கையா என்று கேளுங்கள். முதலாவது, புகார் பெறப்பட்டது என்பதற்கான ஒப்புகை மட்டுமே. இரண்டாவது இருந்தால்தான் "வழக்குப் பதிவு" என்று எழுதலாம். உச்ச நீதிமன்றம் 2016இல் வழங்கிய உத்தரவின்படி முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு விலக்கு உண்டு. அறிக்கை கிடைத்ததும், எந்தப் பிரிவுகள், சம்பவம் எத்தனை மணிக்கு, புகார் எத்தனை மணிக்கு, பெயர் குறிப்பிடப்பட்டவர்கள் எத்தனை பேர், "மற்றும் சிலர்" என்று இருக்கிறதா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த "மற்றும் சிலர்" என்பதை "அணியினர்" என்று மாற்றி எழுதினால், அன்று ஊரிலேயே இல்லாத பத்துப் பேரைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுவோம்.

அடுத்துக் கேட்க வேண்டியது வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு சேரும் முதலாண்டு மாணவர்கள் பலருக்குப் பதினெட்டு நிறைந்திருக்காது என்பதை, "கல்லூரி மாணவர்" என்ற சொல் மறக்கடித்துவிடுகிறது. புகாருக்கு உள்ளானவர் பதினேழு வயதுக்காரர் என்றால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு பொருந்தும். பெயர், முகவரி, படிக்கும் நிறுவனம், படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிட முடியாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராக இருந்து வழக்கு போக்சோவில் பதிவானால், அச்சட்டத்தின் 23ஆம் பிரிவும் அவருடைய அடையாளத்தை இதே போலக் காக்கிறது.

பாலியல் வன்புணர்வு போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் வயது எதுவானாலும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு அவருடைய அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. தண்டனை இரண்டாண்டு வரை. பெயரை மட்டும் மறைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறைமுகமாகக்கூட அடையாளம் தெரியக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. "அதே கல்லூரி மகளிர் வாலிபால் அணியின் செட்டர்" என்று எழுதிப் பாருங்கள்: ஓர் அணியில் செட்டர் ஒருவர் அல்லது இருவர்தான், மறுநாள் காலைக்குள் வளாகம் முழுவதும் யார் என்று தெரிந்துவிடும். குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர், கல்லூரி, அணி, சம்பவ நாள் நான்கையும் சேர்த்துப் போட்டால் பாதிக்கப்பட்டவர் தாமாகவே வெளிப்பட்டுவிடும் சூழல்களும் உண்டு. அப்போது கல்லூரியின் பெயரையாவது விட்டுவிட வேண்டும்.

கல்லூரியின் உள் புகார்க் குழுவுக்குப் போன விவகாரம் என்றால், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இன்னும் கண்டிப்பானது: புகாரின் உள்ளடக்கம், இரு தரப்பினரின் அடையாளம், சாட்சிகள், விசாரணை நடவடிக்கைகள் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. ஆனால் குழு முறையாக அமைக்கப்பட்டிருக்கிறதா, வெளி உறுப்பினர் இருக்கிறாரா, ஆண்டில் எத்தனை புகார்கள் வந்து எத்தனை முடிந்தன என்று கேட்க எந்தத் தடையும் இல்லை. நல்ல செய்தி பெரும்பாலும் அந்தக் கேள்விகளில்தான் கிடைக்கும்.

நம் மாவட்டங்களுக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. இங்கே ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் சேர்ந்தால் சாதி தெரிந்துவிடும். 2012 நவம்பரில் சாதி கடந்த ஒரு காதல் திருமணத்தை முன்னிட்டு நத்தம் உள்ளிட்ட தலித் குடியிருப்புகள் தர்மபுரி அருகே எரிக்கப்பட்டதைப் பார்த்தவர்கள், இரு மாணவர்களின் கைகலப்பை எழுதும்போது இருவருடைய ஊரையும் வரிசையாகப் போட மாட்டார்கள். சாதிதான் சம்பவத்தின் காரணம், அது வழக்கின் பிரிவுகளிலும் இருக்கிறது என்றால் வெளிப்படையாகவே எழுத வேண்டும். இல்லையெனில் தாலுகா பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சொற்களில் கவனம் தேவை. "குற்றவாளி" என்பது தீர்ப்புக்குப் பிறகு வரும் சொல். "தலைமறைவு" என்று காவல்துறை சொன்னால், வீட்டுக்குப் போன் செய்து பாருங்கள். பையன் சேலத்தில் அத்தை வீட்டில் இருப்பான், தன்னைத் தேடுகிறார்கள் என்பதே தெரியாமல். "அட்டகாசம்", "வெறிச்செயல்" இரண்டும் நிருபர் வழங்கும் தீர்ப்புகள். "சில்மிஷம்" என்பது எனக்கு இவை எல்லாவற்றையும்விட எரிச்சல் தரும் சொல். ஒரு பெண்ணின் மீதான அத்துமீறலைக் குறும்பு போலக் காட்டும் அந்தச் சொல்லை நம் மேசைகளில் இருந்து எப்போதோ துரத்தியிருக்க வேண்டும். கற்பனையாக ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம்: "போதையில் கபடி வீரர் அட்டகாசம்: கடைக்காரர் மண்டை உடைப்பு". இதையே "கடைக்காரரைத் தாக்கியதாகக் கல்லூரி மாணவர் மீது வழக்கு" என்று எழுதினால் தகவலில் எதுவும் குறையாது. மருத்துவப் பரிசோதனை இல்லாமல் போதை என்று சொன்னது யார் என்ற கேள்விக்கும் நாம் பதில் தேட வேண்டியிருக்காது.

படம் பற்றிச் சொல்வது என் சொந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். பல ஆண்டுகளுக்கு முன் அடிதடி வழக்கு ஒன்றில் கல்லூரி அணியின் குழுப் படத்தைக் கொடுத்தேன். பன்னிரண்டு பேர், நடுவில் கோப்பை. சிக்கியவரின் தலையைச் சுற்றி வட்டம் போடச் சொல்லியிருந்தேன். அச்சில் வட்டம் ஒரு விரல் அகலம் நகர்ந்து, பக்கத்தில் நின்றவரின் காதோரம் விழுந்தது. ஓசூரில் வேலைக்கு நேர்காணல் முடித்துவிட்டுக் காத்திருந்த அந்தப் பையன், அவனுடைய அப்பாவோடு அலுவலகத்துக்கு வந்து நின்றான். திருத்தம் மறுநாள் இரண்டு வரியில் வந்தது. அதன்பிறகு குற்றச் செய்திக்கு நான் குழுப் படம் கேட்பதில்லை.

கல்லூரித் தரப்பைக் கேட்பதில் முதல்வரோடு நின்றுவிடக் கூடாது. உடற்கல்வி இயக்குநர், விடுதிக் காப்பாளர், குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டார் அல்லது வழக்கறிஞர் ஆகியோரையும் தொடர்புகொண்டு, எத்தனை மணிக்கு அழைத்தோம் என்பதைக் குறித்து வையுங்கள். அவதூறு வழக்கு வந்தால் அந்தக் குறிப்பேடுதான் துணை. "டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டோம்" என்று பதில் வந்தால், விசாரணை நடந்ததா, எழுத்தில் உத்தரவு உண்டா, போட்டிப் பருவம் முடிந்தபிறகு கொடுத்தார்களா, முன்பே கொடுத்தார்களா என்று கேளுங்கள்.

செய்தி வெளியான அன்றே வழக்கு எண்ணை நாட்குறிப்பில் எழுதி, மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியில் நினைவூட்டல் போட்டு வையுங்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனதும் அதற்குப் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண் கிடைக்கும், அதை இ-கோர்ட்ஸ் தளத்தில் இட்டால் அடுத்த வாய்தா எப்போது என்பது வரை தெரியும். தண்டனையானாலும் விடுதலையானாலும் முதல் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அகலத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள். இணையப் பதிப்பின் பழைய செய்தியிலும் முடிவைத் தலைப்புக்குக் கீழேயே தேதியுடன் சேர்க்க வேண்டும், ஏனெனில் வேலை கொடுக்கும் நிறுவனம் அவர் பெயரைத் தேடும்போது முதலில் வந்து நிற்பது அந்தப் பழைய பக்கம்தான்.