மெனுவுக்கு ஒன்று, டூல்பாருக்கு ஒன்று என்று எழுதாதீர்கள்

கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கைந்து பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்து பைத்தான் படிக்கிறார்கள். போன வாரம் ஒரு தம்பி தன் மாமா கடைக்கு எழுதிய பில் மென்பொருளைத் திறந்து காட்டினான். "அண்ணா, மெனுவில் சேமி அழுத்தினால் சேமிக்குது, டூல்பாரில் அழுத்தினாலும் சேமிக்குது. கண்ட்ரோல் எஸ் மட்டும் ஒண்ணுமே செய்ய மாட்டேங்குது" என்றான். நிரலைப் பார்க்காமலேயே காரணத்தைச் சொன்னேன். அதே இடத்தில் நானும் ஒரு காலத்தில் தடுக்கி விழுந்தவன்.

மெனுவும் டூல்பாரும் எழுதும்போது செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். எழுத்துப்பிழை, அடைப்புக்குறி விட்டுப்போவது போன்றவற்றை எழுதவில்லை. அவற்றைக் கணினியே காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுக்காத தவறுகள்தான் ஆபத்து.

ஒரே வேலையை இரண்டு முறை எழுதுவது

மெனுவில் இருக்கும் 'சேமி'யும், மேலே பட்டன் வரிசையான டூல்பாரில் இருக்கும் 'சேமி'யும் இரண்டு வேலைகள் அல்ல. ஒரு வீட்டுக்கு முன்வாசலும் பின்வாசலும் இருப்பது மாதிரி. ஜன்னல், மெனு, பட்டன் கட்ட உதவும் நிரல் தொகுப்பான க்யூடியில் இதற்கென்றே கியூஆக்‌ஷன் இருக்கிறது. பெயர், ஐகான், ஷார்ட்கட், இப்போது அழுத்தலாமா கூடாதா என்ற நிலை, அழுத்தினால் எது ஓட வேண்டும் என்பது வரை எல்லாமே அந்த ஒரு பொருளுக்குள் அடங்கும். அதை ஒரு முறை உருவாக்கி, மெனுவிலும் டூல்பாரிலும் சேர்த்துவிட வேண்டும். மற்ற தொகுப்புகளிலும் இது உண்டு: ஜாவா ஸ்விங்கில் ஆக்‌ஷன், டெல்பியில் ஆக்‌ஷன் லிஸ்ட், டபிள்யூபிஎஃப்பில் கமாண்ட் என்று பெயர்தான் மாறும்.

அந்தத் தம்பி இரண்டு கியூஆக்‌ஷன் உருவாக்கி, இரண்டுக்கும் கண்ட்ரோல் எஸ் கொடுத்திருந்தான். எதை ஓட்டுவது என்று க்யூடிக்குத் தெரியாது. அதனால் இரண்டையுமே ஓட்டாமல், ஷார்ட்கட் குழப்பமாக இருக்கிறது என்று டெர்மினலில் (கட்டளைத் திரையில்) ஒரு வரி எச்சரிக்கை மட்டும் எழுதும். டெர்மினல் திறக்காமல் ஓட்டுகிறவர்கள் அதைப் பார்க்கவே மாட்டார்கள்.

அவனுக்குப் போனது ஒரு ஷார்ட்கட்தான். என்னால் போனது மற்றவர்களின் பணம்.

சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலைக்கு எடைக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். இங்கே மழைக்காலத்தில் ஒரு மரம் சாய்ந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும், ஆனால் இலை வண்டி வந்துகொண்டே இருக்கும். அதனால் யூபிஎஸ்ஸில் ஓடும் டெஸ்க்டாப் மென்பொருளாகவே கேட்டார்கள். 'வரவு பதிவு' என்று மெனுவில் ஒன்று, டூல்பாரில் ஒன்று. மெனுவுக்கு எழுதிய ஃபங்ஷனை (அந்த வேலையைச் செய்யும் நிரல் துண்டை) அப்படியே காப்பி அடித்து டூல்பாருக்கும் வைத்தேன்.

அடுத்த மழையில், நனைந்த இலைக்கு ஈரக் கழிவு பிடிக்க வேண்டும், அதாவது ஈரத்துக்காக எடையில் கொஞ்சம் கழிக்க வேண்டும் என்றார்கள். மெனுவின் ஃபங்ஷனில் கழிவைச் சேர்த்தேன். மெனு வழியாகவே சோதித்தேன், சரியாக வந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன். எடை மேடையில் பகலில் நிற்பவர் டூல்பாரை அழுத்துவார், ராத்திரி கணக்குப்பிள்ளை மெனுவைத் திறப்பார். இரண்டு வாரம், அதே மழையில் நனைந்த இலைக்கு ராத்திரி கொடுத்தவர்களுக்குக் கழிவு, பகலில் கொடுத்தவர்களுக்குக் கழிவே இல்லை. அண்ணனும் தம்பியுமாக ஒரே தோட்டத்து இலையைத் தனித்தனியாகக் கொடுத்த இரண்டு பேர் சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விஷயம் வெளியே வந்தது. மூன்று ராத்திரி உட்கார்ந்து காகிதச் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். கணக்கு நேரானது. ஆனால் அந்த அண்ணன், "மிஷினும் ஆளுக்குத் தகுந்த மாதிரிதான் எடை போடுமா?" என்று கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் யாராவது காப்பி அடித்த ஃபங்ஷனைக் காட்டினால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இதே தவறின் இன்னொரு முகம், நிலை. அன்றைய கணக்கை மூடியதும் மெனுவில் பதிவு மங்கிவிடும், டூல்பார் பட்டன் மட்டும் பளிச்சென்று நிற்கும். ஒரே ஆக்‌ஷனாக இருந்தால் அதை ஒரு முறை செயலிழக்கச் செய்தாலே இரண்டு இடத்திலும் மங்கும். எந்த ஆக்‌ஷன் எப்போது மங்க வேண்டும் என்பதையும் பத்து இடத்தில் தூவாமல் ஒரே ஃபங்ஷனில் வையுங்கள். தரவு மாறும்போதெல்லாம் அதை அழையுங்கள். அப்புறம், பட்டன் மங்கியிருப்பதையே பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். கணக்கு மூடியாகிவிட்டதா என்று பதிவு செய்யும் ஃபங்ஷனுக்குள்ளும் பார்த்துவிடுங்கள்.

டிகின்டரில் ஆக்சிலரேட்டரை நம்புவது

டிகின்டர் பைத்தானோடு வரும் ஜன்னல் தொகுப்பு. அதில் மெனு வரிக்கு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மெனுவில் கண்ட்ரோல் எஸ் என்று தெரியும், அவ்வளவுதான். அது வெறும் எழுத்து. அந்த விசையை ஃபங்ஷனோடு இணைப்பது, அதாவது பைண்ட் செய்வது, தனி வேலை. சின்ன எஸ்ஸுக்கு மட்டும் பைண்ட் செய்தால் கேப்ஸ் லாக் போட்டிருக்கும்போது வேலை செய்யாது. பெரிய எஸ்ஸுக்கும் சேர்த்துச் செய்யுங்கள்.

டூல்பார் ஐகான் காணாமல் போவதும் டிகின்டரில் அடிக்கடி கேட்கும் புகார். படத்தை ஃபங்ஷனுக்குள் ஒரு மாறியில் வைத்தால், ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அதைக் குப்பையில் போட்டுவிடும். ஜன்னலோடு சேர்ந்தே இருக்கும்படி செல்ஃபில் (self) வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் மெனுவில் ஆல்ட் எழுத்து

க்யூடியில் மெனுப் பெயரில் ஆம்பர்சாண்டுக்கு (& குறிக்கு) அடுத்த எழுத்துதான் ஆல்ட் விசையோடு சேரும். 'கோப்பு' என்பதற்கு முன்னால் அதைப் போட்டால், ஆங்கில விசைப்பலகையில் தட்டுகிறவருக்குப் பயனில்லை. ஜப்பானிய மென்பொருள்களில் செய்வது போல, சொல்லின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆங்கில எழுத்தை வைத்து அதற்கு ஆம்பர்சாண்ட் கொடுங்கள். பெயரிலேயே அந்தக் குறி தெரிய வேண்டுமானால் இரண்டு முறை போட வேண்டும்.

பழைய வீடியோவைப் பார்த்து இம்போர்ட் செய்வது

க்யூடி 6இல் கியூஆக்‌ஷன் விட்ஜெட்ஸ் (QtWidgets) என்ற பகுதியில் இல்லை, ஜியூஐ (QtGui) என்ற பகுதியில் இருக்கிறது.

பெயரில்லாத பொடி ஐகான்கள்

கூடாது. காலைக் குளிரில் கையுறையோடு மவுஸ் பிடிக்கிறவரை நினைத்துப் பெரிதாக, பெயரோடு வையுங்கள்.

'அழி'யை 'சேமி'க்குப் பக்கத்தில் வைப்பது

வேண்டாம்.

மங்கவைக்காமல் மறைப்பது

மெனுவில் ஒரு வரி இன்றைக்கு இருந்து நாளைக்கு இல்லையென்றால், எடை மேடைக்காரர் தான் எதையோ கெடுத்துவிட்டதாகப் பயப்படுகிறார். ராத்திரி பத்து மணிக்கு எனக்கு வரும் போன்களில் பாதி இதற்குத்தான் வந்தன. இப்போது எதையும் மறைப்பதில்லை. மங்கவைத்து, கீழே ஸ்டேட்டஸ் பாரில் 'இன்றைய கணக்கு மூடப்பட்டது' என்று எழுதிவிடுகிறேன்.