வயது வந்த பிள்ளையின் கையில் முகநூல்: வன்னிப் பெற்றோருக்குச் சில வழிமுறைகள்

மாற்றுத்திறனாளியான மகனோ மகளோ முகநூல் கணக்குத் தொடங்க விரும்பினால், "யாராவது ஏமாற்றிவிடுவார்கள்" என்ற அச்சமே பெற்றோர் பலரிடம் முதலில் எழுகிறது. அச்சம் நியாயமானதே, ஆயினும் மறுப்பதற்கு முன், எதற்காக விரும்புகிறார் என்று கேளுங்கள். சக்கர நாற்காலியுடன் பேருந்தில் ஏற முடியாத ஒருவருக்கு, முல்லைத்தீவின் உட்கிராமமொன்றிலிருந்து பள்ளித் தோழரோடு பேசவும் தாம் தைத்த உடுப்பை விற்கவும் வேறு வழிகள் குறைவு. 2009 இல் போரின் இறுதியில் எறிகணை வீச்சில் கால் இழந்த குழந்தைகள் இன்று வாக்களிக்கும் வயதினர். இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சமவாயத்தின் 22 ஆம் உறுப்புரை அவர்களுடைய அந்தரங்கத்தையும் பாதுகாப்பதால், கடவுச்சொல்லைக் கேட்டு வாங்காதீர்கள்.

கணக்கை அவரே திறக்கட்டும். நீங்கள் அருகில் இருந்தாற் போதும். பார்வையற்றவருக்கு ஆண்ட்ராய்டு தொலைபேசியின் டோக்பேக் வசதி திரையிலுள்ளதைத் தமிழ்க் குரலில் வாசித்துக் காட்டும். பதிவுகளை நண்பர்கள் மட்டும் பார்க்குமாறு அமைத்து, வாட்ஸ்அப்பும் வைத்திருந்தால் அதன் இருபடிச் சரிபார்ப்புக்குரிய ஆறு இலக்கங்களை அவரையே தெரிவுசெய்ய விடுங்கள்.

கற்றலில் இடர்ப்படுபவருக்கு "கவனமாயிரு" என்ற பொது அறிவுரை பயன்தராது. குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்வதில்லை, நேரில் அறியாதவரின் தொலைபேசிக்கு ரீலோட் (மீள்நிரப்புப் பணம்) போடுவதில்லை என்று திட்டமாகச் சொல்லி, நீங்களே ஏமாற்றுக்காரராக நடித்து ஒத்திகை பாருங்கள். வெளிநாட்டு மாப்பிள்ளையாக நடித்தால் சிரிப்பும் வரும், பாடமும் பதியும். இவ்வளவுக்குப் பிறகும் பிழை நேர்ந்தால், தொலைபேசியைப் பறிக்காதீர்கள். பறிபோகும் என்று அறிந்தவர் அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டார். மிரட்டற் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, அனுப்பியவரைத் தடைசெய்து, இணையப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 ஆம் இலக்கத்திலோ பொலிஸ் நிலையத்திலோ முறையிடலாம்.

பிள்ளை தன் படமொன்றைப் பதிவிடுவதை ஆபத்தென்று கருதும் நாமே, உதவி பெற்றுத் தருவதாகக் கமராவுடன் வரும் யூடியூபர் பிள்ளையின் உடற்குறைபாட்டையும் வீட்டையும் உலகறியக் காட்டுவதற்கு உடனே சம்மதித்துவிடுகிறோம். வறுமைதான் அந்தச் சம்மதத்தை வாங்குகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பிள்ளை வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளிலும் அக்காணொளி தேடுபவர் கண்ணிற் படும். எனவே முகத்தைக் காட்டுவாரா, ஊர்ப் பெயரைச் சொல்வாரா, பின்னர் நீக்கச் சொன்னால் நீக்குவாரா என்பவற்றைப் படம்பிடிக்குமுன் பிள்ளையின் முன்னிலையிலேயே யூடியூபரிடம் கேளுங்கள்; பிள்ளை வேண்டாமென்றால் வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.