சரிவான நிலத்தில் மின்கேபிள் குழியை மூடும் முறை

மலைநாட்டுத் தோட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் காணிகளில் தனி வீடுகள் எழும்பியதிலிருந்து, மீட்டரிலிருந்து பின்கட்டுக்கோ, தண்ணீர் மோட்டாருக்கோ, கோயிலுக்கோ நிலத்தடியில் கேபிள் இழுப்பது வழக்கமாகிவிட்டது. குழி வெட்டுவதில் காட்டும் அக்கறையை அதை மூடுவதில் பலர் காட்டுவதில்லை. வெட்டிப்போட்ட மண்ணைக் கல்லோடும் வேரோடும் மம்பட்டியால் தள்ளி, மேலே நாலு மிதி மிதித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குப் போன கேபிளை எட்டே மாதத்தில் மீண்டும் தோண்ட நேர்ந்தது. மழை நாட்களில் மட்டும் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டிருந்தது. தோண்டிப் பார்த்தபோது, கோழிமுட்டை அளவான வெள்ளைக்கல் ஒன்றின் கூர்முனை வெளியுறையைக் கிழித்திருந்தது. கவசக் கம்பிகள் துருவேறி, ஈரம் உள்ளே வரை இறங்கியிருந்தது. திருவிழாக் காலத்தில் ஈர மண்ணில் வெறுங்காலோடு எத்தனை பிள்ளைகள் அந்த வழியால் நடந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

ஆகவே, மண் தள்ளுவதற்கு முன் மெயின் சுவிட்ச்சை அணைத்து, பியூஸைக் கழற்றி வேலை செய்பவரே கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கேபிளின் இரு முனைகளையும் கழற்றிய நிலையில், தகுதி பெற்ற மின்னியலாளர் ஒருவர் 500 வோல்ட் மெகர் என்னும் அளவுக் கருவி கொண்டு காப்புத்தடையை, அதாவது கேபிளின் காப்பு மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கும் அளவை, அளக்கட்டும். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் மூடவே கூடாது. புதிய கேபிள் அதைவிடப் பன்மடங்கு காட்ட வேண்டும். மூடிய பின்பும் அதே சோதனையைச் செய்தால், மூடும்போது ஏற்பட்ட காயம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

கேபிளின் கீழே 75 மில்லிமீற்றர் மணல் அல்லது சலித்த மண், மேலேயும் அதே அளவு. அதன்மேல் காப்பு ஓடு அல்லது செங்கல். பிறகு 150 மில்லிமீற்றர் படைகளாக மண்ணிட்டு ஒவ்வொன்றையும் இடிக்க வேண்டும். கேபிளுக்கு மேல் 300 மில்லிமீற்றர் நிரம்பும் வரை கைத்திமிசு (கையால் மண் இடிக்கும் கட்டை) மட்டுமே, இயந்திரம் கூடாது. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. இறுகாத மண்ணில் தங்கும் காற்று கேபிளின் சூட்டை வெளியே கடத்தாது, பி.வி.சி காப்பு தாங்கக்கூடியது 70 பாகை செல்சியஸ் மட்டுமே. நிலமட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மில்லிமீற்றர் ஆழத்தில் எச்சரிக்கை நாடாவை விரிக்க வேண்டும். லீக்ஸ், உருளைக்கிழங்கு போடும் தோட்டத்துண்டு என்றால் கேபிள் 600 மில்லிமீற்றர் ஆழத்துக்கு மேலே வரவே கூடாது, ஏனெனில் அங்கே ஒவ்வொரு போகத்துக்கும் மம்பட்டி இறங்கும்.

இனி, சமவெளிக்காரர்களுக்கு இல்லாத நமது பிரச்சினை. தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டுப் பார்த்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும்: சரிவில் நேர்கீழாக வெட்டிய குழி, மண்ணால் மூடினாலும் நிலத்துக்குள் ஒரு கானாகவே இருக்கும். இளகிய மண்ணைத் தேடி இறங்கும் மழைநீர், முதலில் மணலை அரித்துக் கேபிளை அந்தரத்தில் தொங்கவிடும். பிறகு கீழ்வீட்டுச் சுவருக்குப் பின்னால் போய்த் தேங்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கியதைக் கண்டவர்களுக்கு, மண்ணுக்குள் நீர் ஊறுவது என்னவென்று சொல்லத் தேவையில்லை. எனவே சில மீற்றருக்கு ஒருமுறை, சரிவு கூடக்கூட நெருக்கமாக, குழிக்குக் குறுக்கே களிமண்ணால் அல்லது மண்மூட்டைகளால் தடுப்புக் கட்டி, கேபிளைக் குழாய்க்குள் விட்டு அந்தத் தடுப்பினூடே கொண்டுசெல்ல வேண்டும். மேற்பரப்பைச் சற்று மேடாக்கிப் புல் பதிக்க வேண்டும். நிலச்சரிவு எச்சரிக்கை உள்ள இடமென்றால், வெட்டுவதற்கு முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுங்கள்.

மூடுபவரின் உயிரும் முக்கியம். ஒரு கனமீற்றர் மண் ஒன்றரை தொன்னுக்குக் குறையாது. இடுப்பளவு சரிந்தாலும் ஒருவரைத் தனியாக இழுத்தெடுக்க முடியாது. வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலிருந்து குறைந்தது 600 மில்லிமீற்றர் தள்ளிக் குவியுங்கள். குழி 1.2 மீற்றருக்கு மேல் ஆழமானால் பலகை முட்டுக் கொடுக்காமல் எவரும் இறங்கக் கூடாது. ஆழம் குறைந்தாலும் ஈரமண்ணை நம்ப வேண்டாம். மழை தொடங்கினால் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள்.

மூடும் முன் சுவரிலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் கேபிளுக்குள்ள தூரத்தை அளந்து, படமாக வரைந்து மீட்டர்ப் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். முதல் பெருமழைக்குப் பின் அந்தப் படத்தோடு வழிநெடுக நடந்து, மண் இறங்கிய இடங்களில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீண்டும் இட்டு இடியுங்கள்.